ஆட்டக்காரரின் ஓய்வும் இரசிகரின் கடமையும்

உலகில் பிரிவுகள் பல வகைப்படும். மகளை மணம் செய்து கொடுத்து அனுப்பும் பிரிவு ஒன்று. கடல் கடந்து தொழிலுக்குச் செல்லும் மகனை வழியனுப்பும் பிரிவு ஒன்று. அறுபது வயதில் கடமையிலிருந்து விலகும் உத்தியோகத்தருக்கு மாலை சூட்டி, தேநீர் விருந்தளித்து, வாழ்த்துப்பா வாசித்து அனுப்பும் பிரிவு மற்றொன்று. இவை யாவற்றிலும் பிரிபவரும் வழியனுப்புபவரும் ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள். ஒரே அடுப்பிற் சமைத்ததை உண்டவர்கள், அல்லது ஒரே கூரையின்கீழ் உழைத்தவர்கள். ஆதலால் அங்கே சிந்தும் கண்ணீருக்கு எவரும் காரணம் கேட்பதில்லை.

விளையாட்டு உலகில் நிகழும் பிரிவோ இவற்றினின்றும் வேறானது. புகழ் பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் தாம் ஓய்வு பெறப்போவதாக அறிவிக்கிறார். அவரை ஒரு முறையேனும் நேரிற் காணாத மனிதர் ஒருவர், பல நூறு மைல்களுக்கு அப்பால், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு வீட்டில், இராச்சாப்பாட்டிற் கைவைக்க மனமின்றி அமர்ந்திருக்கிறார். வீட்டார் முதலில் நகைக்கின்றனர், பின்னர் வியக்கின்றனர். "அவர் உங்களுக்கு என்ன சொந்தம்?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆயினும் அவரால் விடை கூற முடிவதில்லை. அந்த விடை யாது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். அண்மைக் காலத்தில் தென்னாசிய உதைபந்தாட்ட இரசிகர்களின் உள்ளத்தைப் பெரிதும் உருக்கிய ஓய்வு, இந்திய அணியின் தலைவராக விளங்கிய சுனில் சேத்ரியின் ஓய்வாகும். 2024 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் தேதி அவர் அதனை அறிவித்தார். அடுத்த மாதம் 6 ஆம் தேதி கொல்கத்தா நகரின் சோல்ட் லேக் விளையாட்டரங்கில், உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில், குவைத் அணிக்கு எதிராக அவர் தமது விடைபெறும் ஆட்டத்தை ஆடினார். இரு தரப்பும் கோல் எதுவும் பெறாமலே ஆட்டம் முடிவுற்றது. கதைகளில் வருவதுபோல் இறுதிக் கணத்தில் வெற்றிக் கோல் எதுவும் விழவில்லை. ஆட்டம் முடிந்தபின் சகவீரர்கள் இரு மருங்கும் அணிவகுத்து நின்று மரியாதை செய்ய, அவர் கைகூப்பிக் கண்கலங்கி வெளியேறினார். அன்று அவர் ஆடியது நாட்டுக்கான 151 ஆவது ஆட்டம். அதுவரை அவர் பெற்றிருந்த கோல்கள் 94. சர்வதேச ஆட்டங்களிற் கோல் பெற்ற ஆடவருள், போர்த்துக்கல்லின் ரொனால்டோ, ஈரானின் அலி டாய், ஆர்ஜென்டீனாவின் மெஸ்ஸி ஆகிய மூவருக்கு அடுத்த நான்காம் இடத்தில் அவர் அப்பொழுது இருந்தார்.

இத்தகைய எண்ணிக்கையைக் கேட்பவர்கள் அவர் பிறவியிலேயே பெரும் வசதிகளோடு வளர்ந்தவர் என எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. 1984 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் தேதி செக்கந்தராபாத்தில் பிறந்த அவருடைய தந்தையார் இந்தியத் தரைப்படையிற் பணியாற்றியவர். தாயார் நேபாளத்தின் மகளிர் உதைபந்தாட்ட அணியில் ஆடியவர். இல்லத்தில் செல்வம் மிகுந்திராவிடினும் விளையாட்டு இருந்தது. 2002 இல் கொல்கத்தாவின் பழம்பெரும் கழகமாகிய மோகன் பகானிற் சேர்ந்தார். 2005 யூன் 12 ஆம் தேதி பாகிஸ்தானின் குவெட்டா நகரில் நாட்டுக்காக முதன்முதல் ஆடினார். அன்றே ஒரு கோலும் பெற்றார். அப்போது அவருக்கு இருபது வயது. பின்னர் அமெரிக்காவிலும் போர்த்துக்கல்லிலும் கழகங்களிற் சேர்ந்து தம்மைச் சோதித்துப் பார்த்தார்; பெரிய வெற்றி கிட்டவில்லை. திரும்பி வந்து, 2013 முதல் பெங்களூர்க் கழகத்தில் நிலைத்தார். உயரத்தாலோ உடற் பருமையாலோ எவரையும் அச்சுறுத்தக்கூடியவர் அல்லர். ஆனால் பந்து எங்கு வந்து விழும் என்பதைப் பிறர் அறியுமுன் அறிந்து அங்கு நிற்பவர். அந்த அறிவு ஆயிரம் மாலைப் பொழுதுகளில் உழைத்துப் பெற்றது.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இத்துறைமுகம் 1957 ஒக்டோபர் 15 ஆம் தேதி வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கியது. கப்பல்கள் உட்துறைமுகத்தில் நங்கூரமிடும்போது மாலுமிகள் கரையேறினர்; அவர்களோடு பந்தும் கரையேறிற்று. கடற்படை சென்றது, பந்து தங்கிவிட்டது. நகரத்து ஏகாம்பரம் மைதானமாயினும், மக்கெய்சர் விளையாட்டரங்காயினும், குடாவுக்கு அப்பாலுள்ள கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளின் மணல் வெளிகளாயினும், வெயில் தாழும் வேளையில் அங்கே ஒரு பந்து உருளாத நாள் அரிது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே வாழும் இம்மாவட்டத்தில், மொழி தெரியாதவரோடும் பேசாமற் பேசக்கூடிய மொழியாக உதைபந்தாட்டம் இருந்து வருகின்றது. உலகக் கிண்ணம் நடைபெறும் காலங்களில் பிரேசில் என்றும் ஆர்ஜென்டீனா என்றும் பிரிந்து தேநீர்க் கடைகளில் நடைபெறும் வாதங்கள் தேர்தற் கால வாதங்களுக்குச் சிறிதும் இளைத்தவையல்ல.

அத்தகைய இரசிகர் ஒருவர், பிரேசிலையும் ஆர்ஜென்டீனாவையும் விட்டு, சேத்ரியின் ஓய்வுக்கு ஏன் வருந்துதல் வேண்டும்? காரணம் எளிது. பெலேயும் மரடோனாவும் வானத்து விண்மீன்கள், கண்டு வியக்கலாம். சேத்ரியோ அயல்வீட்டு விளக்கு. அவருடைய நாட்டு அணி உலக வரிசையில் 2015 மார்ச்சு மாதத்தில் 173 ஆம் இடத்திற் கிடந்தது. அவ்வளவு தாழ்ந்த நிலையிலிருந்து, 2023 இல் முதல் நூறு இடங்களுக்குள் வரும் வரை அந்த அணியைத் தோளிற் சுமந்தவர்களுள் முதல்வர் அவர். தென்னாசியாவின் கரடுமுரடான மைதானங்களில் ஆடத் தொடங்கிய ஒருவர் உலகின் மிகப் பெரும் கோல்காரர்களின் வரிசையில் நிற்க முடியும் என்பதைக் காட்டியவர். அவரைப் பார்க்கும் இரசிகர் தம்மைப் போன்ற ஒருவரையே பார்க்கிறார்.

இவ்விரசிகரின் அன்பில் ஒரு சுவையான முரண்பாடும் உண்டு. 2021 ஒக்டோபர் மாதம் மாலைதீவின் தலைநகரில் நடைபெற்ற தென்னாசியப் போட்டியில் இலங்கையும் இந்தியாவும் எதிர்த்து ஆடின. இலங்கைத் தடுப்பாட்டக்காரர்கள் சேத்ரியையும் அவருடைய தோழர்களையும் இறுதிவரை கோல் பெறாது தடுத்துச் சமநிலை கண்டனர். அன்று திருகோணமலை இரசிகர் தம் நாட்டின் உறுதியைக் கண்டு பெருமிதம் கொண்டார். சேத்ரியின் உதை ஒவ்வொன்றும் விலகிச் செல்கையில் அவருள்ளத்தின் ஒரு மூலை "ஐயோ" என்றும் சொல்லிற்று. நாட்டுப்பற்றும் கலைப்பற்றும் ஒரே நெஞ்சிற் பகையின்றி வாழ முடியும் என்பதற்கு இது சான்று.

இவ்வளவும் அன்பின் காரணத்தைக் கூறுமேயன்றித் துயரின் காரணத்தைக் கூறமாட்டா. துயரைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று இழைகள் இருப்பதைக் காணலாம்.

முதல் இழை, இரசிகர் தமது சொந்த ஆண்டுகளுக்காக வருந்துவது. குவெட்டாவில் தொடங்கிக் கொல்கத்தாவில் முடிந்த காலம் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள். அக்காலத்தில் திருகோணமலையில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். 2004 டிசெம்பர் 26 ஆம் தேதி கடல் பொங்கி வந்து கரையோரத்தை அழித்த துயர் ஆறுமுன்பே சேத்ரி ஆடத் தொடங்கினார். 2006 இல் போர் மூதூரைச் சூழ்ந்தபோது மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர். 2009 இல் போர் முடிவுற்றது. அதே ஆண்டில் கிண்ணியாவுக்குப் பாலம் திறக்கப்பட்டது; அதுவரை பாதையில் ஏறி நீரைக் கடந்தவர்கள் அதன்மேல் நடந்தே சென்றனர். 2020 இற் பெருந்தொற்று வந்தது. 2022 இல், எண்ணெய்க் குதங்கள் நிறைந்த இம்மாவட்டத்திலேயே மக்கள் எரிபொருளுக்காக நெடுவரிசையில் நின்றனர். இவை யாவும் நிகழ்ந்த வேளையிலும் ஒரு மனிதர் மாறாது பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். 2005 இற் பத்து வயதுச் சிறுவனாக அவரைப் பார்க்கத் தொடங்கியவன் 2024 இல் இருபத்தொன்பது வயதுக் குடும்பத்தலைவன். வீடு மாறியது, தொழில் மாறியது, சிலர் இறந்தனர், சிலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர். மாறாதிருந்த ஒன்று நின்றுபோகும்பொழுது, மாறிப்போன அனைத்தும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. சுவர்க் கடிகாரம் ஓடும்வரை அதன் ஓசை எவர் காதிலும் விழுவதில்லை; நின்றவுடன்தான் வீடு அமைதியாகிவிட்டதை உணர்கின்றனர்.

ஓய்வை அறிவித்தபோது சேத்ரி கூறிய செய்தியொன்று இங்கு கருதத்தக்கது. தம் முடிவைக் குடும்பத்தினரிடம் முதலிற் கூறியபோது தாயாரும் மனைவியாரும் அழுதனராம். அவர் ஆடும்போது தம்மால் பதற்றத்தைத் தாங்க இயலவில்லை என்று முன்னர் குறைப்பட்டவர்களே அவர்கள். அந்தப் பதற்றம் இனி இல்லை என்று கேட்டவுடன் அழுதனர். ஏன் அழுதனர் என்பதை அவர்களாலும் கூற இயலவில்லை. உடனுறைந்த தாய்க்கே விளங்காத கண்ணீர் ஒரு தொலைதூர இரசிகருக்கு விளங்காதிருப்பதில் வியப்பில்லை.

இரண்டாம் இழை, திருப்பிச் செலுத்த வழியில்லாத நன்றி. ஒருவர் செய்த உதவிக்குக் கைம்மாறு செய்யலாம். கடன் தந்தவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் களைத்து வீடு திரும்பிய மாலைகளில் தொண்ணூறு நிமிடங்கள் கவலையை மறக்கச் செய்த மனிதருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், மீன்வலை இழுத்தவரும், கடையிற் கணக்கெழுதியவரும் அவரிடம் பெற்றுக்கொண்டனர். அவர் அதனை அறியார். அவர் ஆடிக்கொண்டிருந்த வரையில் அடுத்த ஆட்டத்தில் கைதட்டிக் கடன் தீர்க்கலாம் என்ற எண்ணம் இருந்தது. ஓய்வு அறிவிக்கப்பட்ட கணத்தில் கணக்கேடு மூடப்படுகிறது, கடன் நின்றுவிடுகிறது.

மூன்றாம் இழை, அவருக்குப் பின் யார் என்ற அச்சம். இவ்விழை மூன்றினுள்ளும் தடித்தது. இதனை விளங்கிக்கொள்ள, ஓர் ஆட்டக்காரர் எப்பொழுது விலகுதல் தகும் என்ற வினாவை முதலில் நோக்குதல் நலம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். அரசனுக்கு வகுத்த அவ்வொழுங்கு ஆட்டக்காரனுக்கும் பொருந்தும். முதலாவது தன் வலிமையை அறிதல். உதைபந்தாட்டத்தில் முன்னணியில் ஆடுபவருக்கு இன்றியமையாதது திடீரென்று பாயும் வேகம். உடலின் தசை நார்களுள் விரைவாகச் சுருங்குபவை முப்பது வயதுக்குப் பின் படிப்படியாக நலிகின்றன. நெடுந்தூரம் ஓடும் ஆற்றல் ஓரளவு நீடிக்கும். நான்கடி தூரத்தை எதிரியைக் காட்டிலும் அரைக் கணம் முன்னதாகக் கடக்கும் ஆற்றலே முதலிற் குன்றும். ஓர் ஆட்டத்தின் களைப்பு நீங்க இளமையில் இரண்டு நாள் போதுமாயின், பின்னர் நான்கு நாள் வேண்டும். வேகம் குறையும் அளவிற்கு ஆட்டத்தைக் கணிக்கும் அறிவு கூடுகிறது. அறிவின் ஏற்றமும் உடலின் இறக்கமும் சமமாக நிற்கும் காலம் ஒன்றுண்டு. உணவையும் உறக்கத்தையும் பயிற்சியையும் ஒழுங்காகக் காப்பவருக்கு அக்காலம் நீளும். சேத்ரி முப்பத்தொன்பது வயது வரை நாட்டுக்காக ஆட முடிந்ததன் மறைபொருள் இதுவே.

இரண்டாவது காலத்தை அறிதல். இதில் மேதைகள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை. 1962 இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, இரண்டே ஆண்டுகளின் பின் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். அப்போது அவர் முப்பதையும் எட்டவில்லை. பின்னர் கிரிக்கெட்டிலும் புகுந்து வங்காள மாநில அணிக்குத் தலைமை தாங்கினார். மறுபுறம் இங்கிலாந்தின் ஸ்டான்லி மத்தியூஸ், ஐம்பது வயது நிறைந்து ஐந்து நாட்கள் கடந்தபின், 1965 பெப்ரவரி 6 ஆம் தேதியன்றே தமது இறுதி லீக் ஆட்டத்தை ஆடினார். பிரேசிலின் பெலேயோ இவ்விருவருக்கும் இடைப்பட்டவர். 1971 யூலை 18 ஆம் தேதி மரக்கானா அரங்கில் அவர் நாட்டணியிலிருந்து விடைபெற்றபோது, போகவேண்டாம் என்று அரங்கமே ஒரே குரலில் முழங்கிற்று. அவர் இணங்கவில்லை. 1974 உலகக் கிண்ணத்துக்குத் திரும்பி வருமாறு வேண்டியபோதும் இணங்கவில்லை. பெலே இல்லாத பிரேசில் அவ்வாண்டு நான்காம் இடம் பெற்றது. கிண்ணம் கைநழுவியது, ஆயினும் அணி குலைந்துவிடவில்லை. ஏனெனில் பெலேக்குப் பின் ஆடக்கூடியவர்கள் அந்நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் வளர்ந்துகொண்டிருந்தனர்.

மூன்றாவது இடத்தை அறிதல். தாம் விலகும்போது விட்டுச்செல்லும் இடம் நிரம்புமா, வெறுமையாகுமா என்பது இதன் பொருள். சேத்ரியின் வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி இங்கேதான் வருகின்றது. அவர் விலகிய ஐந்தாம் நாள் இந்திய அணி கட்டாரிடம் தோற்று உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றிலிருந்து வெளியேறியது. 2024 ஆம் ஆண்டு முழுவதிலும் அவ்வணி ஓர் ஆட்டத்தையேனும் வெல்லவில்லை. 2025 மார்ச்சு 6 ஆம் தேதி, சேத்ரி ஓய்விலிருந்து மீண்டு வருகிறார் என்ற செய்தி வெளியாயிற்று. அதே மாதம் 19 ஆம் தேதி சில்லாங் நகரில் மாலைதீவுக்கு எதிராக அவர் ஆடினார். தலையால் முட்டித் தமது 95 ஆவது கோலைப் பெற்றார். இந்தியா மூன்று கோல்களால் வென்றது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

திருகோணமலை இரசிகர் அச்செய்தியைக் கேட்டபோது அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. பிரிந்து சென்றவர் மீண்டு வந்தால் எவருக்குத்தான் மகிழ்ச்சி உண்டாகாது? ஆயினும் அம்மகிழ்ச்சியின் அடியில் ஒரு கலக்கமும் இருந்தது. கொல்கத்தாவிற் சிந்திய கண்ணீர் வீணாயிற்றே என்பது சிலருடைய குறை. அது சிறிய குறை. கண்ணீர் ஒரு போதும் வீணாவதில்லை. பெரிய கலக்கம் வேறு. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் ஒரு நாடு, கோல் பெறுவதற்கு நாற்பது வயதான ஒருவரை மீண்டும் அழைக்க நேர்ந்ததே என்பதுதான் அது. ஆறு நாட்களின் பின் பங்களாதேசத்துடன் நடைபெற்ற ஆட்டம் கோலின்றி முடிந்தது. 2025 ஒக்டோபரில் இந்தியா சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது. ஒரு மனிதரின் வருகையால் ஓர் ஆட்டத்தை வெல்லலாம். ஒரு தலைமுறையின் இன்மையை ஈடுசெய்ய இயலாது.

இதற்குச் சேத்ரி பொறுப்பாளியல்லர். அழைத்தபோது வந்தார், கடமையைச் செய்தார். 2024–25 பருவத்தில் இந்தியன் சுப்பர் லீக் போட்டியிற் கோல் பெற்ற இந்தியருள் அவரே முதல்வர் என்னும்போது, அணிப் பயிற்றுநர் அவரை அழையாது வேறு எவரை அழைப்பார்? ஆனால் அவ்வுண்மையே குறையைக் காட்டுகின்றது. கழகங்கள் முன்னணி இடத்துக்கு வெளிநாட்டு ஆட்டக்காரரையே பெரிதும் நாடுகின்றன. உள்நாட்டு இளைஞர் ஓரங்களில் ஆடிப் பழகுகின்றனர். கோலுக்கு முன்னால் நிற்கும் பொறுப்பு அவர்களுக்கு வாய்ப்பதில்லை. நீந்தவேண்டியவனைக் கரையிலேயே நிறுத்திவைத்து, வெள்ளம் வந்தபின் நீந்தென்றால் அவன் எவ்வாறு நீந்துவான்? ஆலமரத்தின் நிழலிற் பத்தொன்பது ஆண்டுகள் இளைப்பாறியவர்கள், அருகிலே ஒரு கன்றை நட மறந்துவிட்டனர்.

இனி இக்கேள்வி இந்தியாவை விட்டு இலங்கைக்கு வருகின்றது. 1995 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தென்னாசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை வென்று கிண்ணம் பெற்றது. அத்தகைய அணியைத் தந்த நாட்டை 2023 சனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் இலங்கையின் ஆட்டக்காரர்கள் நாட்டின் பெயரால் எங்கும் ஆட இயலவில்லை. இருபத்தேழு வயதில் ஓர் ஆட்டக்காரன் இழக்கும் ஏழு மாதங்கள் ஓர் அலுவலகத்தில் இழக்கும் ஏழு மாதங்களை ஒத்தவையல்ல. அவனுக்கு அந்த வேகம் மீண்டும் வராது.

அதனினும் அண்மையில், திருகோணமலை மாவட்டத்திலேயே, ஆண்டுதோறும் ஓய்வுகள் நிகழ்கின்றன. அவற்றை எவரும் அறிவிப்பதில்லை. ஊர்க் கழகமொன்றில் பத்தாண்டுகள் ஆடிய ஒருவர், ஒரு மாலை மைதானத்துக்கு வருவதில்லை. முழங்காற் சவ்வு கிழிந்திருக்கும். அல்லது மணமாகி இரண்டாம் குழந்தை பிறந்திருக்கும்; மாலைப் பொழுதிலும் கூலிவேலைக்குப் போகவேண்டியிருக்கும். அல்லது கட்டாருக்கோ சவூதி அரேபியாவுக்கோ தொழில் தேடி விமானம் ஏறியிருப்பார். அவருக்கு விடைபெறும் ஆட்டம் இல்லை. இரு மருங்கும் அணிவகுத்து நிற்கத் தோழர் இல்லை. அடுத்த வாரம் அவருடைய இலக்கமிட்ட சட்டையை வேறொருவர் அணிந்து ஆடுவார். "அவர் எங்கே?" என்று கேட்பவர் ஒருவர் இருந்தால் அது பெரும் பேறு. கொல்கத்தாவின் கண்ணீரைத் தொலைக்காட்சியிற் கண்டு கண்கலங்கிய இரசிகர், தமது தெருவில் நொண்டிக்கொண்டு நடக்கும் அம்மனிதரை வழியிற் காண்கையில், அவர் ஒருகால் ஆட்டக்காரர் என்பதை நினைவிற் கொள்ளுகிறாரா?

இவ்விடத்தில் 2018 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். அவ்வாண்டு யூன் மாதம் மும்பையில் இந்திய அணி சீனத் தாய்ப்பே அணியை ஐந்து கோல்களால் வென்றது. சேத்ரி மாத்திரம் மூன்று கோல் பெற்றார். அதனைப் பார்க்க வந்திருந்தோர் 2,569 பேர் மட்டுமே. மறுநாள் அவர் ஒரு காணொளி வழியாக நாட்டு மக்களை நோக்கி வேண்டுகோள் விடுத்தார். ஐரோப்பியக் கழகங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் தம் நாட்டு அணியின் தரம் குறைவென்று கருதலாம். கருதினாலும் மைதானத்துக்கு வந்து நேரிற் பாருங்கள், ஏசுவதானாலும் வந்து ஏசுங்கள் என்பது அவ்வேண்டுகோளின் சாரம். சில நாட்களில் கென்யாவுக்கு எதிராக அவருடைய நூறாவது ஆட்டம் நடைபெற்றது. அரங்கு நிரம்பி வழிந்தது. இந்தியா மூன்று கோல்களால் வென்றது. அவற்றுள் இரண்டு சேத்ரியுடையவை.

அந்த வேண்டுகோளில் அவர் தமக்கென்று புகழையோ பரிசையோ கேட்கவில்லை. மக்களின் வருகையை மட்டுமே கேட்டார். இரண்டாம் இழையாகிய தீராக் கடனைத் தீர்க்கும் வழியை அவரே கூறிவிட்டார் எனலாம். கொல்கத்தாவுக்கோ பெங்களூருக்கோ செல்லத் திருகோணமலை இரசிகருக்கு வசதி இராது. ஏகாம்பரம் மைதானத்துக்குச் செல்ல வசதி உண்டு. அங்கு பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதன்முறையாக மூத்தோர் அணியில் ஆட இறங்கும் மாலையில், எல்லைக்கோட்டருகே நின்று அவன் பெயரைச் சொல்லி அழைப்பதற்கு ஒரு குரல் இருத்தல் வேண்டும். அவன் கோலைத் தவறவிட்டால், அடுத்த பந்து உனக்கே என்று சொல்ல ஒரு குரல் இருத்தல் வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் பந்தைக் கேட்டால் அதைக் கொடுக்க ஒரு கை வேண்டும். சேத்ரியின் தாயார் ஒரு காலத்தில் அத்தகைய பெண்பிள்ளையே. ஓய்வு பெற்ற ஊர் ஆட்டக்காரரிடம் ஓர் ஊதுகுழலைக் கொடுத்துச் சிறுவர்களை ஒப்படைத்தால், முழங்கால் தேய்ந்தாலும் அவருடைய அறிவு தேயாமற் பயன்படும். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் போதும்.

இவ்வாறு நோக்கினால் மூன்றாம் இழையாகிய அச்சமும் தணியக்கூடும். அடுத்தவர் யார் என்ற கேள்விக்கு ஆட்டக்காரர்கள் மட்டும் விடை கூற இயலாது. பார்ப்போர் இல்லாத மைதானத்தில் ஆட்டம் வளர்வதில்லை. வளராத ஆட்டத்திற் சேத்ரிகள் தோன்றுவதில்லை. இரசிகர் ஆட்டத்துக்கு வெளியே நிற்பவர் போலத் தோன்றினாலும், அதன் வேருக்கு நீர் வார்ப்பவர் அவரே.

முதல் இழையோ தீர்வதற்குரியதன்று. கடந்த ஆண்டுகள் திரும்பமாட்டா. அவற்றை நல்ல முறையிற் கழிக்க உதவிய ஒருவருக்காகச் சிறிது வருந்துதல் மனிதப் பண்பு. அதற்கு எவரும் நாணவேண்டியதில்லை. "அவர் உங்களுக்கு என்ன சொந்தம்?" என்று வீட்டார் கேட்டால், தம் வாழ்வின் பத்தொன்பது ஆண்டுகளுக்குத் துணையிருந்தவர் என்று தயங்காது விடை கூறலாம். கூறிய பின், மறுநாள் மாலை, கோணேசர் மலைக்குப் பின்னால் கடல் கறுக்கத் தொடங்கும் நேரத்தில், பேரப்பிள்ளையையோ அயல்வீட்டுப் பையனையோ கையிற் பிடித்துக்கொண்டு அருகிலுள்ள மைதானத்துக்குச் செல்லவும் வேண்டும். ஓய்வு பெற்றவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை அதுவேயாகும்.